சீசா டாக்டரும் சாம்பல் கர்னலும்

சாமியார் பங்களா வராந்தாவில் ஒரு பெஞ்சு உண்டு. கல்யாணம் நிச்சயமான ஜோடிகளை, சாமியார் செபங்களை ஒப்பிக்கச் சொல்லி மந்திரம் கேட்பதற்கு முன்னால் உட்கார வைக்கிற பெஞ்சு அது. பையன் ஒரு முனை, பெண் ஒரு முனை. நடுவில் காவல் சம்மனசான தேவதூதர் உட்கார இடம் விட வேண்டும் என்பது மயிலாப்பூரில் அந்தக் கத்தோலிக்கப் பங்கில் வழங்கும் பேச்சு. பங்கில் பாதிப் பேரின் குடும்ப வாழ்க்கை அங்கேதான் ஆரம்பமாகியிருக்கிறது. ஆனால் அது வசதியான பெஞ்சு என்று ஒருவரும் சொல்லிக் கேள்வியில்லை.

1945 நவம்பர் கடைசியில், ஒரு சனிக்கிழமை காலை, அதன் இடது முனையில் மர்சலின் உட்கார்ந்திருந்தாள். வலது முனையில் மரியதாஸ். சைதாப்பேட்டைப் பையன், ரேஷன் ஆபீசில் குமாஸ்தா. பையன் என்று சொல்வது வழக்கத்துக்குத்தான்; முன்நெற்றியில் முடி ஏறத் தொடங்கிவிட்டது. அந்த மிச்ச முடியையும் அவன் அம்மாதான் இன்றைக்கும் வகிடு எடுத்துச் சீவி விடுகிறாள் என்று மர்சலின் காதில் விழுந்திருந்தது. உட்கார்ந்த நேரமாக இருவரும் முற்றத்து மாமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமரத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"சாமி அவஸ்தை பூசப் போயிருக்காரு. சாவுப் படுக்கை. எப்ப வருவாருன்னு எனக்கு இன்னா தெரியும்? குந்திக்கினு இருங்க" என்று சொல்லிவிட்டு, மணியடிக்கிற கோயில்பிள்ளை மணிக்கூண்டுப் பக்கம் போய்விட்டார்.

கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. நாளைக்கு மூன்றாவது. புதன்கிழமை கல்யாணம். அதை விட்டால் ஆகமன காலம் தொடங்கிவிடும், கிறிஸ்துமஸ் கழியும்வரை கோயிலில் தாலி கட்ட முடியாது. அதனால்தான் இந்த ஓட்டம். ராஜநாயகத்தின் மகள் மர்சலினுக்கும் டோரதி அம்மாளின் மகன் மரியதாஸுக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, இதில் விக்கினம் ஏதாவது இருப்பதாக அறிந்தவர்கள் வந்து அறிவிக்கலாம் என்று சாமியார் இரண்டு தடவையும் கணீரென்று படித்தார். கோயில் நிறைய ஜனம். அத்தனை பேரையும் கேட்டார்கள். மர்சலினை யாரும் கேட்கவில்லை.

அவள் ஒரு தடவை தானாகவே சொல்லிப் பார்த்தாள். ஆசிரியைப் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா ராஜநாயகம் நேரே அந்தப் பள்ளியை நடத்தும் கன்னியாஸ்திரிகளிடம் போய், "எம்பொண்ணு வரமாட்டா" என்று சொல்லிவிட்டு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். "எனக்கு இப்ப கல்யாணம் வேணாம்ப்பா" என்றாள் மர்சலின். அப்பா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. மகளைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். திட்டெல்லாம் அம்மா தலையில் விழுந்தது. நீ வளர்த்த லட்சணம், நீ கொடுத்த இடம் என்று ஒரு வாரம் அந்த வீட்டில் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு மர்சலின் வாயைத் திறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டே இந்தப் பெஞ்சுவரை வந்து சேர்ந்துவிட்டாள்.

"உங்க வீட்டுல வில்லியம்னு யாராவது இருக்காங்களா?" என்றான் மரியதாஸ். மாமரத்தைப் பார்த்துத்தான் கேட்டான்.

"என் தம்பி. ஏன்?"

"லஸ் மூலையில தள்ளுவண்டியில பழைய புஸ்தகம் விப்பாரே, அப்துல் கய்யூம் பாய், அவர்கிட்ட ஒரு படக்கதை வாங்கினேன். அமெரிக்கச் சிப்பாய்ங்க விட்டுட்டுப் போனது. முதல் பக்கத்துல வில்லியம் ராஜநாயகம்னு பென்சில்ல எழுதியிருந்தது. உங்கப்பா பேரைக் கேட்டதும் மூக்குல வேர்த்துது."

மர்சலின் முதல் முறையாகத் தலையைத் திருப்பினாள். "ரெண்டு வில்லனும் மோதுற கதையா?"

"அதேதான். கர்னலுக்கும் டாக்டருக்கும் பென்சில்லயே தமிழ்ப் பேரு எழுதி வச்சிருக்காரு உங்க தம்பி."

"சாம்பல் கர்னல், சீசா டாக்டர்" என்று சொன்னபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அடுத்த கணமே தோன்றியது.

அந்தக் கதையைப் படித்தவர்கள் சொற்பம் என்பதால் ஆள் அடையாளத்தைச் சொல்லிவிடுவது நல்லது. சாம்பல் கர்னல் கையுறையைக் கழற்றிவிட்டு எதைத் தொட்டாலும் எரிந்து சாம்பலாகும். சோற்றைத் தொட்டாலும் அதே கதிதான் என்பதால், அவனுக்கு வேறொருத்தர் ஊட்டிவிட வேண்டும். சீசா டாக்டர் குரலை உயர்த்தவே மாட்டான். ஒரு பொடியைத் தூவி ஆட்களைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, ஆளுக்கொரு சீசாவில் போட்டு அலமாரியில் அடுக்கி வைப்பான். உள்ளே குட்டிக் கட்டில், குட்டி விளக்கு, வேளாவேளைக்குச் சாப்பாடு. 'வெளியே உலகம் கெட்டுக் கிடக்கிறது, இங்கே பத்திரமாக இரு' என்று தினமும் ஒவ்வொரு சீசாவிடமும் வாஞ்சையோடு சொல்வான். நகரம் யாருக்கு என்று இருவருக்கும் போட்டி. ஒருவனை ஒருவன் தேடி வந்து பாலத்தின் நடுவில் எதிரும் புதிருமாக நிற்கிற இடத்தில் மரியதாஸின் புத்தகம் முடிந்துபோயிருந்தது.

"கடைசிப் பக்கத்தைக் கிழிச்சது யாரு?"

"எங்கப்பா. தவக்காலத்துல இந்தக் குப்பை கேக்குதாடான்னு பிடுங்கிக் கிழிச்சாரு. கையில வந்தது அந்த ஒரு பக்கம்தான். அடுப்புல போட்டுட்டாரு."

"ஐயோ! நீங்க அதுக்கு முன்னாடியே படிச்சிருந்தீங்களா?"

"படிச்சிருந்தேன்."

"அப்ப யாரு ஜெயிச்சான்னு உங்களுக்குத் தெரியும்!"

தெரியும்தான். ஆனால் சொல்ல மனம் வரவில்லை. இந்தக் கொஞ்ச நாளில் புடவை நிறத்திலிருந்து புருஷன்வரை அவளுக்காக எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் தெரிந்து வைத்திருந்தார்கள். அவளுக்கு மட்டும் தெரிந்ததென்று ஒன்று இருந்தால் அது இந்தப் பக்கம்தான். "நீங்க சொல்லுங்க, யாரு ஜெயிப்பாங்க?" என்றாள்.

"டாக்டர்தான். இதுல சந்தேகமே வேணாம். கர்னல் கையை நீட்டுறதுக்குள்ள பொடியைத் தூவிடுவான்."

"பொடியும் எரிஞ்சு போகும். கர்னல்தான் ஜெயிப்பான். சீசாவைத் தொட்டா உருகிடாது?"

"கண்ணாடி நெருப்புலேயே பொறந்ததுங்க. நெருப்பெல்லாம் அதுக்குத் தாய் வீடு. அப்புறம், கத்துறவன் எவ்வளவு நேரம் கத்துவான்? டாக்டர் பொறுமையா நின்னுக்கிட்டே இருப்பான். கர்னலுக்குப் பசி எடுக்கும். சோறு ஊட்ட ஆள் வேணும். ஊட்டுறேன் வாடா கண்ணுன்னு டாக்டர் கூப்பிடுவான். அவ்வளவுதான், ஆள் சீசாவுக்குள்ள."

"கர்னலைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. கோவம் வந்தா அவனுக்குப் பசி, தாகம், நாள், கிழமை எதுவும் கிடையாது. ஊரே ஜன்னலைச் சாத்திக்கும்."

சொல்லி முடித்ததும்தான் யாரைப் பற்றிச் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. மரியதாஸுக்கும் உறைத்திருக்க வேண்டும். இருவருமே ஒரே நேரத்தில் முற்றத்துக்கு எதிர்ப் பக்கம் பார்த்தார்கள். அங்கே சபை அறையின் ஜன்னல் விரியத் திறந்திருந்தது. உள்ளே மேஜைக்கு அந்தப் பக்கம் பங்குச் சபைத் தலைவர் ராஜநாயகம், இந்தப் பக்கம் தலைமையாசிரியை டோரதி அம்மாள். பிள்ளைகள் மேல் கண்ணை வைத்துக்கொள்ள வாகாக நாற்காலிகளை ஜன்னல் ஓரமாகவே போட்டிருந்தார்கள். பேச்சுதான் இங்கே எட்டாது.

"எங்கம்மா இதுவரைக்கும் என்னை ஒரு அடி அடிச்சதில்லைங்க" என்றான் மரியதாஸ் மெதுவாக. "கப்பல்ல ரேடியோ ஆபரேட்டர் வேலைக்குப் படிச்சேன். தந்திக் கட்டை தட்டுறதுல நான்தான் முதல். கப்பல்காரன் கூப்பிட்டான். அம்மா அழக்கூட இல்லை. 'போயிட்டு வா கண்ணு, நான் இருந்தா பாப்போம்'னாங்க. அன்னிக்கு ராத்திரியே மார்வலி. ஒவ்வொரு தடவை கப்பல் வந்தப்பவும் மார்வலி. இப்ப கல்யாணம். உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா என்னை யாரும் கேக்கல."

"என்னையும்தான்."

அவன் அவளை நன்றாகத் திரும்பிப் பார்த்தான். சம்மனசுக்கு விட்டிருந்த இடத்தில் கையை ஊன்றிக்கொண்டான். "அப்ப பயப்படாம சொல்றேன். சாமியார் வர்றதுக்குள்ள அங்க ஒரு வேடிக்கை நடக்கும் பாருங்க. கல்யாணப் பூசை எந்தக் கோயில்லன்னு ரெண்டு பேருக்கும் முட்டிக்கிட்டு நின்னுதில்ல? மயிலாப்பூர்ல வச்சுக்க எங்கம்மா ஒத்துக்கிட்டாங்கன்னு உங்கப்பாகிட்ட சொல்லிட்டேன். சைதாப்பேட்டைக்கு உங்கப்பா சரின்னுட்டார்னு எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"பொய்யா?"

"அற்பப் பாவம்தான். அடுத்த பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடுவேன்."

யுத்தக் காகிதத் தட்டுப்பாட்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கவில்லை. வாய் அழைப்புதான். ஓலையும் இரண்டு கோயிலிலும் வாசித்தாயிற்று. ஆகவே ராஜநாயகமும் டோரதி அம்மாளும் தம் தம் சொந்தக்காரர்களிடம் தம் தம் கோயிலைச் சொல்லி முடித்திருப்பார்கள். இனி யார் இறங்கி வந்தாலும் தலைகுனிவு. ஒருத்தர் எழுந்து போனால் போதும். நாளைக்கு மூன்றாம் ஓலை கிடையாது. கிறிஸ்துமஸ்வரை கல்யாணப் பேச்சே கிடையாது. இந்த வகிடெடுத்த ஆளுக்குள் இவ்வளவு விஷமமா என்று மர்சலினுக்கு வியப்பாக இருந்தது. முதல் தடவையாக அவனை அவளுக்குக் கொஞ்சம் பிடித்தது. அவனை மணக்காமல் தப்பிக்க அவன் வழி சொல்கிறான் என்பதற்காகவே பிடித்தது என்பதுதான் வேடிக்கை.

"ஆரம்பிச்சாச்சு" என்றான்.

ஜன்னலுக்குள் ராஜநாயகம் எழுந்து நின்றுவிட்டார். மேஜையில் ஒரு குத்து. மசிக்கூடு எகிறி விழுந்தது. வார்த்தை புரியாவிட்டாலும் சத்தம் முற்றத்தைத் தாண்டி வந்தது.

"கையுறையைக் கழட்டிட்டாரு" என்றாள் மர்சலின். தன் அப்பாவின் கோபத்தைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் முறை. "இப்ப பாருங்க. உங்க டாக்டர் சாம்பல்."

"அவசரப்படாதீங்க. எங்கம்மா மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறாங்க பாருங்க. பொடி தயாராகுது."

"எங்கப்பா நாற்காலியைத் தள்ளிட்டாரு!"

"தள்ளட்டும். எங்கம்மா மாரைப் பிடிச்சுக்கிட்டா உங்கப்பா குளோஸ்."

பெற்றவர்களைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று கேட்பவர்கள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் கட்சி கட்டிக்கொண்டு, தன்னை அடைத்து வைத்தவர்தான் பெரிய ஆள் என்று இருவரும் பெருமையடித்துக்கொண்டிருந்தார்கள். ராஜநாயகம் வாசல்வரை வந்தார். மர்சலின் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். போ அப்பா, வெளியே வந்துவிடு, வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்று மனசுக்குள் மன்றாடினாள். மாதாவிடம்கூட அவள் அப்படி உருகி வேண்டிக்கொண்டதில்லை.

டோரதி அம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்து ஏதோ சொன்னாள். ராஜநாயகம் நின்றார். இன்னும் ஏதோ சொன்னாள். அவர் திரும்பினார். கோயில்பிள்ளையின் மனைவி வைத்துவிட்டுப் போயிருந்த காபியை டோரதி அம்மாள் டம்ளருக்கும் டபராவுக்கும் இரண்டு ஆற்று ஆற்றி அவரிடம் நீட்டினாள். ராஜநாயகம் வாங்கிக்கொண்டார். குடித்தார். பிறகு இருவருமாகச் சிரித்தார்கள்.

மர்சலின் புடவைத் தலைப்பை விட்டாள்.

இருவரும் முற்றத்தைத் தாண்டி ஒன்றாக வந்தார்கள். டோரதி அம்மாள் மகனின் கன்னத்தைத் தட்டினாள். "தாஸு, ரெண்டு பக்கமும் மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொன்னியா? எவ்வளவு நல்ல பிள்ளை! அண்ணனும் நானும் பேசி முடிச்சிட்டோம். பூசை இங்க, அண்ணன் ஆசைப்படி. விருந்து எங்க பக்கம்."

"டீச்சர் பெரிய மனசு பண்ணிட்டாங்க" என்றார் ராஜநாயகம். அவர் குரலில் இவ்வளவு குழைவை மர்சலின் கேட்டதில்லை. "மாப்பிள்ளை ஞாயித்துக்கிழமையெல்லாம் இங்க வந்துடணும். சபை வேலையில எனக்கு ஒரு கை வேணும்."

"மத்த நாளெல்லாம் மர்சலின் எனக்கு. என் பள்ளிக்கூடத்துலயே சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கட்டும். பயிற்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம். என் கண்ணு முன்னாலேயே இருப்பா." டோரதி அம்மாள் குனிந்து அவள் தலையை வருடினாள். "வெளியே உலகம் கெட்டுக் கிடக்கு கண்ணு. எங்கிட்ட பத்திரமா இருப்பே."

கை மிருதுவாக, வெதுவெதுப்பாக இருந்தது.

சாமியார் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். வயதானவர். சாவு வீட்டுக் களைப்பு முகத்தில் அப்பியிருந்தது. முதலில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். உள்ளே போகும்போது மரியதாஸ் அவளைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தான். நான் சொல்லிவிடுகிறேன் என்று அர்த்தம். கதவு ஒருக்களித்துத் திறந்தே இருந்தது. மந்திரம் கேட்கும்போது வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது முறை. ஆனால் சபைத் தலைவருக்கு முறையெல்லாம் எதற்கு? ராஜநாயகம் கதவோரமாகவே நின்றார். பின்னால் டோரதி அம்மாள் மார்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்த மரியதாஸ் பெஞ்சின் முனையில் உட்கார்ந்தான்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். அம்மா வெளியே இருமினாங்க. சம்மதம்னுட்டேன்." கண் கலங்கியிருந்தது. அழுகையை மறைக்கவோ என்னவோ, "அதை விடுங்க. கடைசிப் பக்கத்துல யாரு ஜெயிச்சா? அதையாவது சொல்லுங்க" என்றான்.

மர்சலின் சொன்னாள். "யாரும் ஜெயிக்கல. சண்டையே நடக்கல. கர்னல் கையுறையை மாட்டிக்கிட்டான், டாக்டர் பொடி டப்பாவை மூடிட்டான். ரெண்டு பேரும் கை குலுக்கிக்கிட்டு ஊரைப் பாதி பாதியாப் பிரிச்சுக்கிட்டாங்க."

மரியதாஸ் அவளையே பார்த்தான். "அப்ப சீசாவுக்குள்ள இருந்த ஜனங்க?"

"அவங்களை யாரும் கேக்கல. கதை அதோட முடிஞ்சுது."

படித்தபோது அவளுக்கு அந்த முடிவின் மேல் வெறும் எரிச்சல்தான். இதற்கா இத்தனை பக்கம் என்று வில்லியமிடம் சண்டை போட்டாள். வில்லன்கள் அடித்துக்கொண்டால் நமக்கு விடுதலை என்று தானும் ஒரு மணி நேரம் கட்சி கட்டிக் கூத்தாடியதை நினைத்தபோது, இப்போது அவள்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. விடை கையில் இருந்தது. அதை ஒளித்து வைத்து விளையாடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மர்சலின்!" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார் சாமியார்.

பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம், விசுவாச மந்திரம், எல்லாம் தட்டாமல் வந்தன. தேவ கட்டளைகளான பத்துக் கற்பனையில் நாலாவது, பெற்றவர்களை மதிக்கச் சொல்கிற 'பிதா மாதாவைச் சங்கித்திருப்பாயாக' என்றபோது கதவோரம் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சாமியார் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். முடிந்ததும் பேனாவை மசியில் தோய்த்து, பதிவேட்டில் எழுதப்போகும் இடத்தில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"யாருடைய கட்டாயமும் இல்லாம, முழு மனசோட இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறியாம்மா?"

அதுவரை அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. கேட்டவர்கூடப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, பேனா இறங்கிக்கொண்டிருந்தது.

"சாமி, கதவைச் சாத்திட்டு வரட்டுங்களா?"

பேனா நின்றது. சாமியார் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "சாத்திட்டு வா" என்றார்.

மர்சலின் எழுந்து போய்க் கதவில் கை வைத்தாள். ராஜநாயகம் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் விரல்கள் கதவிடுக்கில் இருந்தன. மகளைப் பார்த்து முறைத்தார். அம்மாவைக் கதிகலங்க வைக்கிற முழி. இன்றைக்கு வீட்டில் யார் தலையில் இடி விழப்போகிறது என்று மர்சலினுக்குத் தெரியும். ஆனாலும் அவள் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கையை எடுங்கப்பா. நசுங்கிடும்."

அவர் எடுத்துக்கொண்டார். அவள் சொல்லி அவர் கேட்டது அது ஒன்றுதான். அவரே யோசிக்காமல் செய்துவிட்டார் போலிருக்கிறது. மர்சலின் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். "எனக்குச் சம்மதம் இல்லை, சாமி."

சாமியார் பேனாவைக் கீழே வைத்தார். வெளியே அப்பா, "பாப்பா, பாப்பா" என்று கதவைத் தட்டினார். அதற்குப் பிறகு டோரதி அம்மாளின் குரல், தேன் மாதிரி, "திற கண்ணு, ஒண்ணும் ஆகல" என்றது. அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. எப்போது வெளியே போனாலும் அவர்கள் இருவரையும் தாண்டித்தான் போக வேண்டும்.

முதலில் சொன்னது வெளியே கேட்டிருக்காது என்று மர்சலினுக்குத் தோன்றியது. அதனால் கதவுப் பக்கம் திரும்பி, இன்னொரு தரம் உரக்கச் சொன்னாள்.